நித்திரையைக் கெடுத்த வேர்க்கொம்பு

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு தொடங்கியது: இரவு சாப்பிட்டதும் வயிறு ஊதும், நெஞ்சு எரியும், 2 மணி வரை நித்திரை வராது. மூன்று கிழமை இப்படியே போனது.

முதலில் ஓமத்தண்ணீர். ஏவறை வந்தது, நித்திரை வரவில்லை. பிறகு கிளிநொச்சிச் சந்தையில் வேர்க்கொம்பு (சுக்கு) வாங்கி, இடித்து, படுக்கப் போகுமுன் குடித்தேன். எரிவு கூடியது. அளவு போதாதாக்கும் என்று இன்னும் அள்ளிப் போட்டேன்.

ஒருநாள் அம்மம்மா குவளையை எட்டிப் பார்த்து, "உதென்ன மோனை, இவ்வளவு கறுப்பு?" என்றார். அங்கேதான் பிழை. வேர்க்கொம்பை நான் வெறுந்தண்ணீரில் அவிக்கவில்லை. வழமையாக இரவில் குடிக்கும் சாயம் கூடின தேத்தண்ணியில்தான் போட்டிருந்தேன். தேயிலையில் இருக்கிற, நித்திரையை விரட்டும் கஃபீன் உடம்பில் ஏறினால், அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணித்தியாலம் வேண்டும். 9 மணிக்குக் குடித்தால் 2 மணி! கணக்கு அப்படியே பொருந்தியது. வேர்க்கொம்பும் அளவு மிஞ்சினால் நெஞ்செரிவைத் தூண்டும்.

பின்னேரம் 3 மணியோடு தேத்தண்ணியை நிறுத்தினேன். இரவுச் சாப்பாடு 7 மணிக்கு, அப்புறம் ஒரு தேக்கரண்டி நற்சீரகம் அவித்த தண்ணீர், இளஞ்சூட்டில். சாப்பிட்டவுடன் சாய்வதும் இல்லை. நாலாம் நாள் 10 மணிக்கே கண் அயர்ந்துவிட்டது. நற்சீரகமா, தேத்தண்ணியை விட்டதா என்றால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அம்மம்மா ஒத்துக்கொள்ளமாட்டார்.