செரிப்ரல் பால்சி: நல்ல மனசோட நாம பண்ற தப்புகள்

அக்டோபர் 6 வந்தா போதும், உலக செரிப்ரல் பால்சி தினம்னு பச்சை ரிப்பன் பச்சை டிபின்னு ஒரே பச்சையா இருக்கும். 2012ல இருந்து வருஷா வருஷம் நடக்குது, நல்ல விஷயம்தான், ஆனா அன்னைக்கு ஷேர் ஆகுற போஸ்ட் நிறைய "கொடிய நோயால வாடும் பிஞ்சு"ன்னுதான் ஆரம்பிக்குது, அதுதான் முதல் தப்பு. வயித்துக்குள்ள இருக்கும்போதோ, பிரசவ நேரத்துலயோ, பிறந்து கொஞ்ச காலத்துலயோ, வளர்ற மூளையில ஏதோ ஒரு சேதம் ஆகி, அதனால அசைவும் பேலன்ஸும் மாறிப்போறதுதான் செரிப்ரல் பால்சி, சுருக்கமா சிபி. ஒட்டிக்காது, பரவாது, மூளையில ஆன அந்த சேதம் நாள் போகப்போக பெருசாகவும் ஆகாது.

அடுத்து அம்மா மேல பழி போடுறது. "மாசமா இருக்கும்போது நீ என்ன பண்ண?"ன்னு கேக்குற சொந்தக்காரங்க எல்லா வீட்லயும் உண்டு. குறைமாசப் பிரசவம், ரொம்ப கம்மி எடை, வயித்துக்குள்ளயே குழந்தைக்கு வர்ற ஸ்ட்ரோக், பிறந்த குழந்தைக்கு வந்து கவனிக்காம விட்ட கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல்னு காரணம் பலது, நிறைய பேருக்கு காரணமே தெரியறதில்ல. அந்தக் கேள்வியால யாருக்கும் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

இருக்கறதுலயே பெரிய தப்பு எதுன்னு கேட்டா, பேச்சு குழறுனா புத்தியும் குறைவுன்னு முடிவு பண்றதுதான். வாய், நாக்கு, மூச்சு எல்லாத்தையும் தசைதானே இயக்குது, அது சொன்னபடி கேக்கலன்னா பேச்சு தெளிவா வராது, அதுக்கும் அறிவுக்கும் என்ன சம்பந்தம்? சிபி இருக்கறவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு அறிவுத்திறன் குறைபாடே கிடையாது, 4ல ஒருத்தருக்கு பேச்சு வராது, இது ரெண்டும் வேற வேற கணக்கு. ஆனா நாம என்ன பண்றோம், 30 வயசு ஆள் எதிர்ல உக்காந்திருக்கும்போது பக்கத்துல நிக்கிற அம்மாகிட்ட "தம்பி சாப்டாச்சா?"ன்னு கேக்குறோம், இல்லன்னா கன்னத்த கிள்ளி கொஞ்சுறோம். அறிவுத்திறன் குறைபாடு இருக்கறவங்களா இருந்தாலும் அவங்க முகத்த பாத்துதான் பேசணும். அவங்க பேசிட்டிருக்கும்போதே நாம வாக்கியத்த முடிச்சு வைக்கறதும், புரியாமலே மண்டைய மண்டைய ஆட்டுறதும் வேண்டாம், புரியலன்னா "இன்னொரு தடவ சொல்றீங்களா"ன்னு கேட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க, புரிஞ்ச மாதிரி நடிச்சாதான் கடுப்பாவாங்க. படம் ஒட்டுன போர்டோ, கண் அசைவுல டைப் அடிக்கிற டிவைஸோ குடுத்தா பேச்சே வராம போயிடும்னு சில வீட்ல பயப்படுறாங்க, அப்படியெல்லாம் ஆகாது, தாராளமா குடுங்க.

உதவி பண்றேன்னு கேக்காம வீல்சேர பிடிச்சு தள்றது, கையப் பிடிச்சு இழுக்கறதும் இதே ரகம்தான். சிபில சுமார் 80 சதவீதம் ஸ்பாஸ்டிக் வகை, தசை இறுகியே இருக்கும், திடீர்னு தொட்டா, சத்தம் போட்டா இன்னும் இறுகி பேலன்ஸ் போயிடும். சாப்பாடு ஊட்டும்போது இன்னும் ஜாக்கிரதை, படுக்க வெச்சோ தலைய பின்னாடி சாய்ச்சோ ஊட்டுனா நுரையீரலுக்குள்ள போயிடும், அடிக்கடி சளி, நிமோனியான்னு வந்தா டாக்டர்கிட்ட இதையும் சொல்லுங்க.

"பையன் மெதுவா நடப்பான், எங்க வீட்லயும் அப்படித்தான்"னு ஆறுதல் சொல்லி மாசத்த ஓட்டுறது ரொம்ப ஆபத்து. 1 வயசுக்கு முன்னாடியே ஒரே கைய மட்டும் யூஸ் பண்றது, காலு கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கறது, தலை நிக்காதது, இதெல்லாம் பாத்தா உடனே காட்டணும். சிபிதான்னு உறுதியாகற வரைக்கும் காத்திருக்காம தெரபி ஆரம்பிக்கலாம். அதுலயும் வெறும் மசாஜ் மட்டும் போதாது, கரண்டி பிடிக்கிறது, சட்டை போடறதுன்னு அந்தக் குழந்தைக்கு வேண்டிய வேலைய குழந்தையே முயற்சி பண்ணி பழகறதுதான் பலன் தருது. ஸ்டெம் செல் சிகிச்சையில முழுசா குணமாகும், ஆக்சிஜன் சேம்பர்ல உக்காந்தா நடந்துடுவான்னு வர்ற விளம்பரத்த நம்பி வீட்ட அடகு வைக்காதீங்க. சிபிய முழுசா குணப்படுத்துற வைத்தியம் இன்னிக்கு வரைக்கும் இல்ல.

அப்புறம் ஒண்ணு, போஸ்டர்ல எப்பவும் குழந்தைங்கதான், அவங்க வளர்ந்து பெரியவங்க ஆவாங்கங்கறதே யாருக்கும் ஞாபகம் இருக்கறதில்ல. மூளைச் சேதம் பெருசாகாதுதான், ஆனா தசை, மூட்டு, இடுப்பு வருஷக்கணக்கா தேயும், 4ல 3 பேருக்கு வலி இருக்கு, மத்தவங்க 60 வயசுல படுற சோர்வ இவங்க சீக்கிரமே படுவாங்க. குழந்தைங்க டாக்டர் 18 வயசோட கைகழுவிடுவாரு, அதுக்கப்புறம் யார பாக்கறதுன்னே தெரியாம நிப்பாங்க. உண்மையிலேயே சப்போர்ட் வேணும்னா இந்த இடத்துலதான் வேணும்.

விழிப்புணர்வு கூட்டம் போடுறவங்களுக்கு: ரேம்ப் இல்லாத மாடி ஹால்ல இந்த கூட்டத்த போடுறாங்க பாருங்க, அவங்கள என்ன சொல்றது! வீல்சேர் உள்ள போய் திரும்புற டாய்லெட் இருக்கான்னு முதல்ல பாருங்க. போட்டோவ போடுறதுக்கு முன்னாடி அவங்ககிட்டயே கேளுங்க. சிபி இருக்கறவங்கள மேடையில பேசவும் கூப்பிடுங்க, மத்தவங்களுக்கு 5 நிமிஷம்னா அவங்களுக்கு 15 ஒதுக்குங்க, கேள்விய ரெண்டு நாள் முன்னாடியே அனுப்பிட்டா பதில டிவைஸ்ல டைப் பண்ணி ரெடியா வெச்சுக்குவாங்க.