"கூடை வலி" என்று எழுதாதீர்கள்: முள்ளந்தண்டு சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கிளினிக்கில், புதிதாக வந்த ஒரு டொக்டர் தம்பி, நோயாளியின் கொப்பியில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். "கொழுந்து பறிப்பவர். கூடை சுமப்பதால் முதுகு வலி." கீழே டைக்ளோபினாக் என்ற வலிக் குளிசை, ஒரு வாரத்துக்கு. அந்த அம்மா அவர் முன்னால் மூன்று நிமிடம்கூட உட்கார்ந்திருக்க மாட்டார். எனக்குக் கோபம் வந்தது. இருபது வருடங்களுக்கு முன் அதே வரியை நானும் எழுதியிருக்கிறேன். அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, இன்னொருவர் கொடுத்தார்.

குனிந்து தூக்காதே, நிமிர்ந்து உட்கார் என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தது. அவற்றை விட்டுவிடுகிறேன். மலையகத்தின் தோட்டப்புற வைத்தியசாலைகளில் இந்த நோயாளர்களை முதலில் பார்க்கும் இளம் டொக்டர்மாருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொழிலைப் பார்த்து நோயை முடிவு செய்வது

அப்போது நான் ஒரு சிறிய வைத்தியசாலையில் மருத்துவ அதிகாரி. மஸ்கெலியா பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு அம்மா வந்தார், நாற்பது வயதிருக்கும். இரண்டு மாதமாக நடுமுதுகில் வலி. நாளுக்குப் பதினெட்டுக் கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), குறைந்தால் அரைப்பேர். தலையில் கயிறு, முதுகில் கூடை, காலடியில் செங்குத்துச் சரிவு. வலிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். ஊசி போட்டேன், குளிசை கொடுத்தேன். இன்னும் இரண்டு முறை வந்தார், அதையேதான் செய்தேன். மூன்றாம் முறை, "ராவுல தூங்கவே முடியலைங்க ஐயா" என்றார். அதை எழுதிக்கூட வைக்கவில்லை. நான்காம் முறை மகன் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு கால்களும் அசையவில்லை.

அன்றைக்குத்தான் அவர் முதுகில் கை வைத்தேன். கழுத்திலிருந்து விரலை ஒவ்வொரு முள்ளாக இறக்கிக்கொண்டே வந்தேன். விலா எலும்புகள் முடியும் இடத்துக்குச் சற்று மேலே விரல் ஒரு மேட்டில் தட்டி நின்றது. சட்டைத் துணிக்கு மேலாகவே தெரிந்தது அந்தக் கூன். முள்ளந்தண்டில் காசநோய்.

கூனும் கால் செயலிழப்பும் சேர்ந்து வரும் இந்த நோயை 1779இல் ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர் பெர்சிவல் பாட் எழுதிவைத்தார். கிருமி இரத்தத்தின் வழியே வந்து, டிஸ்க்கை (முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தையை) ஒட்டிய எலும்பு விளிம்பில் தங்குகிறது. அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளை முன்பக்கமாக அரிக்கிறது. முன்பக்கம் சரிய, பின்பக்கம் கூனாகத் தள்ளுகிறது. உள்ளே சேரும் சீழ் தொட்டால் சுடாது, அதனால் யாரும் தேடுவதும் இல்லை. அந்தச் சீழும் உடைந்த எலும்பும் முண்ணாணை (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டை) நசுக்கும்போதுதான் கால் விழுகிறது.

எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள். எலும்பின் சுண்ணாம்புச் சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது கரைந்தால்தான் எக்ஸ்ரேயில் தெரியும். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதும், இருமல் இல்லாததும் எதையும் நிரூபிக்காது.

நான் இப்போது எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஞாயிற்றுக்கிழமை வலி எப்படி?" கூடையால் வரும் வலி, மலைக்குப் போகாத நாளில் குறையும். காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் ஞாயிறு தெரியாது, ராத்திரியும் தெரியாது. அடுத்து, கொப்பியை வேண்டுமென்றே கீழே போட்டுவிட்டு எடுத்துத் தரச் சொல்வேன். முதுகில் நோய் உள்ளவர் இடுப்பை வளைக்க மாட்டார். ஒரு கையைத் தொடையில் ஊன்றி, முதுகைப் பலகைபோல வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கிக் குந்தி எடுப்பார். அதைக் கண்டால், விரலால் ஒவ்வொரு முள்ளையும் தட்டிப் பாருங்கள். எடை குறைந்ததா, மாலையில் காய்ச்சல் உண்டா, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று கேளுங்கள். ஈ.எஸ்.ஆர். இரத்தப் பரிசோதனை பாருங்கள். எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புங்கள்.

இதற்குள் இன்னொரு தவறு ஒளிந்திருக்கிறது, அதை இன்றைக்கும் பார்க்கிறேன். ஏதோ தொற்று என்று சந்தேகம் வந்ததும் லெவோஃப்ளொக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதிவிடுகிறார்கள். அது காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கும். நோயாளி கொஞ்சம் தேறுவார், பிறகு ஊசியால் எடுக்கும் திசுவில் கிருமி அகப்படாது. முதலில் திசு, பிறகு மருந்து. ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியில் போட்டால் சில மணி நேரத்தில் விடை வரும், முக்கியமான காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமியா என்பதும் தெரியும்.

இந்த நோயில் பெரும்பாலோருக்குக் கத்தியே வேண்டாம். நம் நாட்டில் காசநோய் மருந்து இலவசம். ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை ஒழுங்காகக் குடித்தால் எலும்பு ஆறிவிடும். கால் பலம் குறைந்துகொண்டே போனாலோ, முள்ளந்தண்டு நிலைகுலைந்தாலோ, கூன் பெருத்தாலோதான் சத்திரசிகிச்சை. சிறுவர்களை மட்டும் நோய் ஆறியபின்னும் விட்டுவிடாதீர்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த டொக்டர் எஸ். ராஜசேகரன் 61 சிறுவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2001இல் எழுதினார்: நோய் குணமான பிறகும், பிள்ளை வளர வளரச் சிலருக்குக் கூன் கூடுகிறது, சிலருக்குக் குறைகிறது. வளர்ச்சி முடியும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்குக் கண்டியில் சத்திரசிகிச்சை நடந்தது. ஒரு வருடம் மருந்து குடித்தார். கம்பூன்றி நடந்தார். கொழுந்து மலைக்குத் திரும்பவே இல்லை.

படத்துக்கு வைத்தியம் பார்ப்பது

வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்ததில், 20 வயதில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்வு இருந்தது. ஆகவே "டிஸ்க் தேய்ந்திருக்கிறது" என்று சொல்லி ஒருவரைப் பயமுறுத்தாதீர்கள். டிஸ்க் பிதுங்கிக் காலுக்கு இறங்கும் வலியும் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் தணிந்துவிடும். படமும் வலியும் பரிசோதனையும் ஒரே நரம்பைக் காட்டினால்தான் கத்தியைப் பற்றிப் பேச்சு.

"வளர்ந்தால் நேராகிவிடும்" என்பது

பாடசாலைச் சீருடையின் விளிம்பு ஒரு பக்கம் ஏறி நிற்கிறது என்று முதலில் காண்பது தாய்தான். அவர் கூட்டிவரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து இந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். பக்கவளைவு (முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைவது) மோசமாவதே வேகமாக வளரும் அந்த வயதில்தான். பிள்ளையைக் கைகூப்பிக் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள்: ஒரு பக்க விலா மேடாக எழுந்தால் நின்றபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் வளைவை அளக்கும் காப் கோணம் 10 பாகைக்கு மேல் என்றால் பக்கவளைவு. வளர்ச்சி மிச்சமிருந்து 25 முதல் 40 பாகை வரை இருந்தால் பட்டி (உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ்). 50ஐத் தாண்டினால் பெரும்பாலும் சத்திரசிகிச்சை, ஏனென்றால் அது வளர்ச்சி நின்ற பிறகும் மெல்லக் கூடிக்கொண்டு போகும்.

பட்டி கொடுத்தால் போதாது, அணிய வேண்டும். 2013இல் வெளியான அமெரிக்க, கனேடிய ஆய்வில், நாளுக்குப் பதின்மூன்று மணி நேரமளவாவது அணிந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு வளைவு 50 பாகையை எட்டவில்லை. நுவரெலியாக் குளிரில் ஸ்வெட்டருக்குள் பட்டி தெரியாது. இதைச் சொன்னதும் முகம் மலர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

"விறைப்பு" என்றதும் எழுதிவிடுவது

நோயாளிகளில் ஒருவருக்கு அது மரத்துப்போவது, இன்னொருவருக்கு இறுக்கம். ஊசி முனையால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எண்ணாமல் வெட்டுவது

சிலருக்கு இடுப்பில் ஐந்துக்குப் பதில் ஆறு முள்ளெலும்பு. வெட்டும் முன் சத்திரசிகிச்சை மேசையில் எக்ஸ்ரே எடுத்து, முள்ளெலும்புகளை இரண்டு பேர் எண்ணுங்கள்.

சிறுநீரைப் பற்றிக் கேட்காமல் அனுப்புவது

இடுப்பு வலியோடு சிறுநீர் கட்டினால், உட்காரும் இடம் மரத்துப்போனால், அன்றைக்கே அனுப்ப வேண்டும். கிளினிக் திகதி கொடுக்காதீர்கள். கால் பலம் குறைந்தவரை கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் அனுப்பாதீர்கள். படுக்கவைத்து, அம்பியுலன்சில், கூட ஒருவரோடு.