பழைய கீசருக்கு ஸ்மார்ட் பிளக் பொருத்துவது எப்படி? தில்லிக் குளிருக்கான செய்முறை விளக்கம்

மார்கழி மாதம் அதிகாலையில் எழுந்து குளித்துவிட்டுக் கோலம் போடும் வழக்கத்தைத் தில்லிக்கு வந்த பிறகும் விடாத வீடுகள் ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் கரோல் பாகிலும் இன்னும் இருக்கின்றன. அந்த நேரத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையை விறைக்க வைக்கும் என்பதால், இரவு படுக்கப் போகும்போதே கீசரைப் போட்டு விடிய விடிய ஓடவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. நேரம் வைத்து இயக்கக்கூடிய ஒரு ஸ்மார்ட் பிளக்கைப் பொருத்தினால் அந்த வழக்கத்தை நிறுத்திவிடலாம். ஆனால் பத்துப் பன்னிரண்டு வயதான கீசரில் இதைச் செய்வதற்கு முன்னால் சிலவற்றைச் சோதித்தாக வேண்டும். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அந்தச் சோதனைகளைப் பற்றியதே.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அங்கே தங்கள் பாய்லருக்குப் பொருத்திய ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டைப் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) போலவே ஒன்றை வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்பதுண்டு. அது நம் கீசருக்குப் பொருந்தாது. அங்கே சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் பாய்லருக்கு 'சூடு வேண்டும்' என்ற குறிப்பை மட்டும் அனுப்புகிறது. நம் கீசரிலோ தொட்டிக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் வழியாகவே சூடேற்றும் கம்பிச்சுருளுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் பாய்கிறது. ஆகவே கீசரின் தெர்மோஸ்டாட்டை நாம் தொடப்போவதில்லை. எத்தனை சூடு என்பதை அதுவே தீர்மானிக்கட்டும். எந்த நேரத்தில் மின்சாரம் வர வேண்டும் என்பதை மட்டும் ஸ்மார்ட் பிளக்கிடம் ஒப்படைக்கிறோம்.

முதல் படி: கீசரின் பெயர்ப்பலகையைப் படியுங்கள்

கீசரின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒட்டியிருக்கும் பலகையில் எத்தனை லிட்டர், எத்தனை வாட் என்று இருக்கும். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். முதல் வகைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 16 ஆம்பியர் தாங்குதிறனும் உள்ள ஸ்மார்ட் பிளக் போதும். 3000 வாட் கீசரைப் பிளக்கின் வழியாக நேரடியாக ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குக் கான்டாக்டர் எனப்படும், பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் ஒரு மின்சுவிட்சை வைத்து, ஸ்மார்ட் சுவிட்ச் அந்தக் கான்டாக்டரை மட்டும் இயக்குமாறு எலக்ட்ரீஷியனிடம் அமைத்துக்கொள்வது நல்லது.

10 ஆம்பியர் பிளக்கை வாங்கி, மாற்றுச் சொருகி போட்டு ஒப்பேற்றும் எண்ணம் வேண்டாம். எங்கள் வீட்டில் முதல் முறை அப்படிச் செய்தோம். இரண்டாவது வாரத்தில் சொருகியின் ஒரு முனை பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகிய வாடை வந்ததால்தான் கவனித்தோம்.

பிளக் வாங்கும்போது, மின் பயன்பாட்டை அளந்து காட்டும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், பழைய கீசரின் உடல்நிலையை அறிய அந்த அளவீடே பின்னால் உதவப்போகிறது.

இரண்டாம் படி: கீசர் இதற்குத் தகுதியானதா?

தொட்டியின் அடியில் கசிவு இருந்தாலும், வெந்நீர் துருநிறத்தில் வந்தாலும், கீசரைப் போட்டால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்ச்) விழுந்தாலும் இந்த வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தக் கீசருக்கு முதலில் பழுது பார்க்க வேண்டும், அல்லது அதை மாற்ற வேண்டும். ஆளில்லாத நேரத்தில் தானாக ஓடப்போகும் கருவி என்பதால் இதில் சமரசம் கூடாது.

வீட்டின் மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தும்போது உடனே விழ வேண்டும். பல பழைய அடுக்ககங்களில் இது இருப்பதே இல்லை. கீசர் உள்ள வீட்டில் ஸ்மார்ட் பிளக்கை விட இதற்கே முதலில் பணம் செலவழிக்க வேண்டும்.

கீசருக்கு மூன்று காவல்கள் உண்டு. குறித்த சூட்டில் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் முதலாவது. அது பழுதாகித் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடேறும்போது இணைப்பைத் துண்டிக்கும் கட்-அவுட் இரண்டாவது. அதுவும் தவறினால் தொட்டிக்குள் பெருகும் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு மூன்றாவது. தில்லியின் பல பகுதிகளில் ஆழ்குழாய்த் தண்ணீர் கலந்து வருவதால் உப்புப் படிந்து இந்த வால்வு இறுகிப்போவது சாதாரணம். மூன்றும் ஒரே நேரத்தில் செயலிழந்தால் தொட்டி வெடிக்கும் அபாயம் உண்டு. எனவே எலக்ட்ரீஷியனை ஒருமுறை அழைத்து, எம்.சி.பி.யை (மின்பெட்டியில் உள்ள காப்புச் சுவிட்ச்) நிறுத்திவிட்டுக் கீசரின் அடி மூடியைத் திறந்து, மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் கம்பி உறுதியாக இருக்கிறதா, முனைகளில் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்பதையும் அவர் அப்போதே சரிபார்த்துவிடுவார். தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியம் தண்டு கரைந்திருந்தால் அதையும் மாற்றிக்கொள்ளலாம்; தொட்டியின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தொட்டியைக் காப்பதே அதன் வேலை. அடி மூடியைத் திறக்கும் வேலையைப் புதிதாகக் கற்பவர்கள் தாமே செய்ய வேண்டாம் என்று கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் படி: சாக்கெட்

எம்.சி.பி.யை நிறுத்திவிட்டு, கீசர் செருகப்பட்டிருக்கும் சாக்கெட்டை வெளிச்சத்தில் பாருங்கள். துளைகளைச் சுற்றிக் கறுப்போ பழுப்போ இருந்தால், அல்லது செருகும்போது தளர்வாக ஆடினால், புதிய 16 ஆம்பியர் சாக்கெட் போடுங்கள். சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே உள்ள பெரிய துளை எர்த், வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல் என்று அமைந்திருக்க வேண்டும். சுவருக்குள் போகும் கம்பி குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாக இருக்கட்டும். 4 சதுர மில்லிமீட்டர் இன்னும் நல்லது. பழைய குடியிருப்புகளில் அலுமினியக் கம்பி இருக்கக்கூடும். அப்படியானால் மின்பெட்டியிலிருந்து கீசருக்கெனத் தனியாகச் செம்புக் கம்பி இழுத்த பிறகே மேற்கொண்டு போக வேண்டும்.

சாக்கெட் குளியலறைக்குள்ளேயே இருந்தால் ஸ்மார்ட் பிளக்கை அங்கே பொருத்தக் கூடாது. வெந்நீரின் ஆவி அதற்குள் புகுந்து கெடுத்துவிடும். ஈரக்கையால் தொடும் ஆபத்தும் உண்டு. சாக்கெட்டைக் குளியலறைக்கு வெளியே உள்ள சுவருக்கு மாற்றிவிடுங்கள்.

நான்காம் படி: இணைப்பும் ஒரு முக்கியமான அமைப்பும்

கீசரை இப்போதே இணைக்காமல், பிளக்கை மட்டும் சாக்கெட்டில் செருகிச் செயலியில் பதிவுசெய்யுங்கள். பெரும்பாலான ஸ்மார்ட் பிளக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபையில் மட்டுமே இயங்கும்; பதிவாகாமல் அடம்பிடித்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது பிளக் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற அமைப்பைத் தேடி, 'ஆஃப்' என்று மாற்றுங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. சில பிளக்குகள் மின்சாரம் திரும்பியதும் தாமாகவே 'ஆன்' ஆகிவிடும். பகலில் மின்தடை ஏற்பட்டு நீங்கினால் கீசர் யாருக்கும் தெரியாமல் மாலை வரை ஓடிக்கொண்டிருக்கும்.

நேர அட்டவணையைக் கணக்குப் போட்டுத்தான் வைக்க வேண்டும். 25 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்றச் சுமார் 1.45 யூனிட் தேவை. 2000 வாட் கீசருக்கு இது ஏறத்தாழ 44 நிமிட வேலை. மின்னழுத்தம் 210 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே கீசர் 1670 வாட் அளவே இழுக்கும் என்பதால் 50 நிமிடத்துக்கு மேலாகும். எனவே 5 மணிக்குக் குளிக்க வேண்டுமானால் 4 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு நிற்குமாறு வையுங்கள். யாராவது கையால் போட்டாலும் 75 நிமிடத்தில் தானாக நின்றுவிடும்படி ஒரு கெடுவையும் சேர்த்து வையுங்கள்.

கீசரின் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வைத்திருப்பதே என் தேர்வு. 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் தேங்கி நிற்கும் தண்ணீரில் நுரையீரல் நோய் உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும் என்பதால் மிகக் குறைக்கக் கூடாது. கூட்டினால் உப்புப் படிவு விரைவாகும். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும். குழந்தைகளும் வயதானவர்களும் உள்ள வீட்டில் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, பிறகே வெந்நீரைக் கலக்கும் பழக்கத்தை எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

ஐந்தாம் படி: முதல் ஓட்டம்

வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் விட்டுவிட்டு வராமல் சீராக வருகிறதா என்று பாருங்கள். தொட்டி நிறைந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். காலித் தொட்டியில் மின்சாரம் பாய்ந்தால் கம்பிச்சுருள் எரிந்துபோகும். பிறகு கீசரைப் பிளக்கில் செருகி, 'ஆன்' செய்து, செயலியில் வாட் அளவைப் பாருங்கள். 1600-க்கும் 2100-க்கும் இடையில் எண் நின்றால் நல்லது. அரை மணி நேரம் கழித்துப் பிளக்கின் வெளிப்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டுச் சாக்கெட்டை மறுபடி சோதிக்க வேண்டும்.

முதல் நாள் மட்டும் 75 நிமிடக் கெடுவை நீக்கிவிட்டு, அருகிலேயே இருந்து கவனியுங்கள். தண்ணீர் 60 டிகிரியை எட்டியதும் வாட் எண் தானாகப் பூஜ்யத்துக்கு விழ வேண்டும். அப்படி விழுந்தால் தெர்மோஸ்டாட் உயிரோடு இருக்கிறது. ஒன்றேகால் மணி நேரம் கடந்தும் எண் அப்படியே நின்றால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கீசரை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். ஐந்து நிமிடம் ஓடி, நின்று, மறுபடி ஓடி என்று துண்டு துண்டாகக் காட்டி, தண்ணீரும் சரியாகச் சூடேறாமல், உள்ளே இரைச்சலும் கேட்டால், கம்பிச்சுருளிலும் தெர்மோஸ்டாட்டின் உறையிலும் உப்பு கெட்டியாகப் படிந்திருக்கக்கூடும். எங்கள் கீசரில் இப்படித்தான் தெரியவந்தது. திறந்து பார்த்தபோது அடியில் இரண்டு கைப்பிடி சுண்ணாம்புச் சில்லுகள் கிடந்தன. செயலி காட்டிய வாட் எண்களைப் பார்த்திராவிட்டால் கம்பிச்சுருள் எரிந்த பிறகே அறிந்திருப்போம்.

இந்தச் சோதனை தேறியதும் கெடுவை மறுபடி வைத்துவிட்டு, ரவுட்டரை அணைத்து ஒரு காலை ஓடவிட்டுப் பாருங்கள். வை-ஃபை இல்லாமலும் குறித்த நேரத்தில் கீசர் ஓடி நின்றால் அட்டவணை பிளக்கிலேயே பதிந்திருக்கிறது என்று பொருள். வீட்டுப் பெரியவர்களுக்குப் பிளக்கின் பக்கத்தில் இருக்கும் பொத்தானைக் காட்டிக்கொடுங்கள். வெந்நீருக்காக அவர்கள் யாருடைய கைபேசிக்கும் காத்திருக்கக் கூடாது. குளிக்கப் போவதற்கு முன் கீசரை அணைத்துவிடும் பழைய பழக்கத்தையும் கைவிடச் சொல்லாதீர்கள்.

ஹோலி கழிந்ததும் அட்டவணையைத் திருத்துங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்கு வந்துவிட்டால் அதே கீசருக்கு 26 நிமிடமே போதும்.