புறநகர் மலைப் பூங்காவில் நடக்க: கிலோமீட்டரை விடுங்கள், ஏற்றத்தைப் பாருங்கள்

புறநகரை ஒட்டிய மலைப் பூங்காவுக்கு முதன்முறை வருகிறவர்கள் நுழைவாயில் பலகையில் தேடுவது கிலோமீட்டரைத்தான். "ஆறு கிலோமீட்டர்தானே, தினமும் காலையில் இவ்வளவு தூரம் நடக்கிறேனே" என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறார்கள். என்னோடு வருகிற புதியவர்களிடம் நான் கேட்பது வேறு: அந்த ஆறு கிலோமீட்டருக்குள் மொத்தம் எத்தனை மீட்டர் ஏறவேண்டும்? இதற்குப் பதில் தெரியாமல் எந்தப் பாதையிலும் கால் வைக்காதீர்கள். தண்ணீர் எவ்வளவு, எத்தனை மணிக்குக் கிளம்புவது, குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணைப் பொறுத்தவை.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த ஒரு கணக்கு இன்றும் கைகொடுக்கிறது. மெட்ரிக் அளவில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். ஆறு கிலோமீட்டர் பாதையில் 300 மீட்டர் ஏற்றம் இருந்தால், தூரத்துக்கு 72 நிமிடம், ஏற்றத்துக்கு 30 நிமிடம், ஆக 102 நிமிடம். இது நன்றாக நடக்கிறவர் எங்கும் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். புதியவர்களுக்கு நான் இதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்வேன். தண்ணீர் குடிக்கவும், மேலே நின்று பார்க்கவும் அதற்கு மேல் அரை மணி நேரம். ஆக, சாலையில் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிகிற நடை மலையில் மூன்று மணி நேரம் ஆகும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உச்சியின் உயரமும் மொத்த ஏற்றமும் ஒன்றல்ல. இருநூறு மீட்டர் உயரக் குன்றுதான் என்றாலும், பாதை முகட்டுக்குப் போகும் வழியில் இரண்டு மூன்று பள்ளங்களில் இறங்கி ஏறினால் உங்கள் கால்கள் இருநூறைவிட நிறையவே ஏறியிருக்கும். புறநகர்க் குன்றுகளில் இப்படி அலைஅலையாகப் போகும் பாதைகள்தான் அதிகம்.

வரைபடத்தில் பார்க்கவேண்டியது

பள்ளிக்கூடத்தில் படித்த சம உயரக் கோடுகள் இங்கேதான் உயிர்பெறுகின்றன. 1:25,000 அளவுள்ள வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். கோடுகளுக்கு இடையிலான உயர வித்தியாசம் பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பாதை ஒரு சென்டிமீட்டரில் இரண்டு கோடு ஏறினால் எட்டு சதவீதச் சரிவு; பேசிக்கொண்டே ஏறலாம். ஐந்து கோடு ஏறினால் இருபது சதவீதம். பேச்சு தானாக நின்றுவிடும். சரிவுக்கும் நடை வேகத்துக்கும் உள்ள உறவைப் புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1993இல் ஒரு சூத்திரமாக்கினார். அதன்படி சமதளத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவர் இருபது சதவீத ஏற்றத்தில் இரண்டரை கிலோமீட்டர்தான் நடப்பார். அதே சரிவில் இறங்கும்போதும் மூன்றரைதான். இறக்கத்தில் நேரத்தை மீட்டுவிடலாம் என்று யாரும் கணக்குப் போடவேண்டாம்.

கோடுகள் நெருங்கியிருக்கும் பகுதி எது என்று கிளம்பும் முன்பே பார்த்துவையுங்கள். வட்டப் பாதையாக இருந்தால், செங்குத்தான பக்கத்தில் ஏறி, சாய்வான பக்கத்தில் இறங்குவதுதான் என் பழக்கம். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது அடி வாங்குவது முழங்கால்.

கைப்பேசியில் வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ஊருக்குப் பக்கத்தில்தானே, சிக்னல் இருக்கும் என்று நம்பவேண்டாம். முகட்டின் மறுபக்கம் ஒரு வளைவு திரும்பினாலே சிக்னல் போய்விடும். சிக்னல் கிடைக்காதபோது கைப்பேசி அதைத் தேடித் தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும். விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, செல்போன் கோபுரத்திலிருந்து அல்ல. அந்தப் பயன்முறையிலும் பெரும்பாலான கைப்பேசிகளில் வேலை செய்யும். அதோடு நுழைவாயில் பலகையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதைகளின் பெயர், அடையாள நிறம், வாயில் மூடும் நேரம் எல்லாம் அதில் இருக்கும்.

கால், முதுகு, தண்ணீர்

காலணியில் நான் முதலில் பார்ப்பது அடிப்பாகத்தை. பட்டை தேய்ந்துபோன ஓட்டக் காலணி சரளைக்கல்லில் வழுக்கும். கட்டை விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கவேண்டும், ஏனென்றால் இறங்கும்போது பாதம் முன்னோக்கித் தள்ளப்படும்; இடமில்லாவிட்டால் நகம் கறுத்துவிடும். முந்தின நாளே நகத்தை வெட்டிவிடுங்கள். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரத் தோல் உராய்ந்தால் கொப்புளம்தான். கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறை நல்லது. குதிகாலில் லேசாகச் சுடுகிறது என்று தோன்றிய அந்த நிமிடமே நின்று, காலணியைக் கழற்றி, ஒட்டுப்பட்டையை ஒட்டுங்கள். கூட வருகிறவர்கள் காத்திருப்பார்கள். "அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்பவர்களுக்கு அடுத்த திருப்பத்தில் கொப்புளம் வந்திருக்கும்.

தண்ணீர், மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர். வெயில் ஏறினால் இன்னும் அதிகம். மூன்று மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டர் என்றால் ஒன்றரைக் கிலோ எடை, அதைக் கையில் பிடிக்காமல் முதுகுப்பையில் வையுங்கள். இரண்டு கைகளும் வெறுமையாக இருப்பது மலையில் பெரிய பாதுகாப்பு. பையில் இன்னும் வேண்டியவை: உப்புள்ள கொறிப்பு ஏதாவது, ஒரு மெல்லிய மழைச்சட்டை, விசில், டார்ச். பகல் நடைக்கு டார்ச் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கூட வந்தவருக்குக் கணுக்கால் பிசகி, ஒரு மணி நேர இறக்கம் மூன்று மணி நேரமானால் அதற்குத்தான்.

ஏறும்போது

முதல் பத்து நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். உடல் சூடாகும் முன் வேகம் பிடித்தவர்கள்தான் பாதி வழியில் பாறையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். உங்கள் வேகம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம்: ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? முடிந்தால் சரி. இல்லையென்றால் நிற்கவேண்டாம், அடியைச் சின்னதாக்குங்கள். பாதத்தை முழுவதும் தரையில் பதித்து, குட்டைக் குட்டை அடியாக வைத்தால் கெண்டைக்கால் தப்பும். குழுவாகப் போகும்போது மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். அவரைக் கடைசியில் விட்டால், மற்றவர்கள் ஓய்வெடுத்து முடிக்கும்போது அவர் வந்து சேருவார், எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், ஓய்வே இல்லாமல் அவரும் நடக்கவேண்டியிருக்கும். இது நியாயமில்லை.

பாதை கொண்டை ஊசியாக வளைந்து வளைந்து போகும் இடங்களில், வளைவுகளுக்குக் குறுக்கே நேராக ஏறிய தடங்களைப் பார்ப்பீர்கள். அதில் போகாதீர்கள். இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். பாதையை வளைத்துப் போட்டதே தண்ணீரின் வேகத்தைக் குறைக்கத்தான். குறுக்குத் தடத்தில் புல் செத்துவிடும், அடுத்த மழையில் தண்ணீர் நேராக அதில் பாயும், மண்ணை அரித்துச் சிறு வாய்க்காலாக்கிவிடும். பிறகு கீழேயுள்ள நல்ல பாதையும் சேர்ந்து சரியும். சேற்றிலும் இதே கதைதான். காலணி அழுக்காகும் என்று ஓரமாக ஒதுங்கி நடந்தால் பாதை அகலமாகிக்கொண்டே போகும், சேறும் கூடவே பரவும். நடுவிலேயே மிதித்துப் போங்கள், காலணியைக் கழுவிக்கொள்ளலாம்.

எதிரே ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிடுவது மரபு. சைக்கிள்காரர்கள் நடப்பவர்களுக்கு வழிவிடவேண்டும், ஆனால் திருப்பத்தில் அவர்கள் உங்களைப் பார்ப்பதற்குள் நீங்கள் ஒதுங்கிவிடுவது புத்திசாலித்தனம். இதனால்தான் மலைப்பாதையில் இரண்டு காதிலும் பாட்டு கேட்கக்கூடாது என்கிறேன்.

பிரிவுகளும், கண்ணுக்குத் தெரியும் கூரைகளும்

ஊரை ஒட்டிய மலையில் வழி தவறுவதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. சுற்றுப்பட்டுக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் அவரவர் தெருவிலிருந்து ஏறி ஏறிப் போட்ட ஒற்றையடித் தடங்கள் அதிகாரபூர்வப் பாதையோடு வந்து கலக்கும். அவை பலகையிலும் இருக்காது, பல வரைபடங்களிலும் இருக்காது. ஒவ்வொரு பிரிவிலும் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். திரும்பி வரும்போது அந்தப் பிரிவு எப்படித் தெரியும் என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் ஒரே இடம் முற்றிலும் வேறாகத் தோன்றும். நிற அடையாளம் கண்ணில் படாமல் பத்து நிமிடம் கடந்துவிட்டால், கடைசியாக அடையாளத்தைப் பார்த்த இடத்துக்கே திரும்புங்கள்.

இன்னொரு ஆபத்து, முகட்டில் நின்றால் கீழே வீடுகள் தெரிவது. மொட்டை மாடியில் காயும் துணிகூடத் தெரியும். "இதோ இருக்கிறதே, நேராக இறங்கிவிடலாம்" என்று தோன்றும். பல குன்றுகளின் சரிவு மேலே சாய்வாகத் தொடங்கி, கீழே போகப்போகச் செங்குத்தாகும். மேலே நிற்பவருக்குச் சாய்வான பகுதியும், அதற்கு அப்பால் கூரைகளும் தெரியும். நடுவிலிருக்கும் பாறைச் சரிவு மட்டும் மறைந்திருக்கும். வரைபடத்தைப் பாருங்கள், மேலே விலகியிருக்கும் கோடுகள் கீழே நெருங்கியிருக்கும். ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வந்துவிடும் என்பதும் இப்படித்தான். ஓடை பாறையிலிருந்து குதிக்கும், நீங்கள் குதிக்க முடியாது. அப்படியே பத்திரமாக இறங்கினாலும் மலையின் மறுபக்கத்துத் தெருவில் போய் நிற்பீர்கள். வண்டி நிற்கும் வாயிலுக்குச் சாலை வழியே மலையையே சுற்றிவர வேண்டியிருக்கும்.

இறங்கும்போது

என் அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு. ஏறும்போது எனக்கு முன்னால் போவாள், இறங்கும்போது "நீ முன்னால் போ, நான் பார்த்து வருகிறேன்" என்பாள். அவள் இறங்குவதைப் பார்த்துத்தான் நான் மற்றவர்களுக்குச் சொல்லித்தருகிறேன். முழங்காலை ஒருபோதும் விறைப்பாக நீட்டமாட்டாள், லேசாக மடங்கியே இருக்கும். ஊன்றுகோல்கள் இரண்டையும் ஏறும்போது வைத்ததைவிடக் கொஞ்சம் நீளமாக்கிக்கொள்வாள், அவற்றை முதலில் கீழே ஊன்றிவிட்டுத்தான் காலை வைப்பாள். சரளைக்கல் கிடக்கும் இடத்தில் உடலைப் பின்னால் சாய்க்கமாட்டாள். பயத்தில் எல்லோரும் செய்வது அதைத்தான், ஆனால் பின்னால் சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போய், கால் முன்னால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழவேண்டியதுதான். எடை பாதத்துக்கு நேர் மேலே இருக்கவேண்டும். உருண்டைக் கல்லின் மேல் மிதிக்காமல், கற்களுக்கு இடையே மண் தெரியும் இடத்தைப் பார்த்துக் கால் வையுங்கள். ஈர இலைச் சருகும், மரவேரும் கல்லைவிட மோசம்.

இறங்கத் தொடங்கும் முன் காலணிக் கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். ஏறும்போது இருந்த தளர்ச்சி இறங்கும்போது உதவாது.

நேரத்தையும் இங்கேதான் பார்க்கவேண்டும். கையை முழுவதும் நீட்டி, விரல்களைப் படுக்கைவாக்கில் சூரியனுக்குக் கீழே வைத்து, முகட்டுக்கோடு வரை எத்தனை விரல் இருக்கிறது என்று பாருங்கள். சூரியனை நேராக உற்றுப் பார்க்கவேண்டாம். ஒரு விரலுக்குத் தோராயமாகக் கால் மணி நேரம். தொடுவானத்திலிருந்து அல்ல, முகட்டிலிருந்துதான் அளக்கவேண்டும், ஏனென்றால் கிழக்குச் சரிவில் இருப்பவருக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடும். மரநிழலில் இருட்டு இன்னும் முன்னதாகவே வரும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் முகட்டை விட்டு உடனே இறங்குங்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் போகாமல் மேலே ஏறவேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும்

உயரமான புல்லை உரசி நடந்திருந்தால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்: முழங்காலின் பின்புறம், தொடை இடுக்கு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம். ஒட்டியிருந்தால் எண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எதுவும் வேண்டாம். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நிதானமாக, நேராக இழுங்கள். அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்து வரும் வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லவேண்டும்.

தொடை வலி அன்றைக்கு வராது, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வரும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால் வருவது அது. சில நாளில் போய்விடும். அதே பாதையில் அடுத்த முறை இறங்கும்போது குறைவாகவே வலிக்கும். மூட்டுக்குள் குத்துவது போன்ற வலி வேறு, அதைப் பொறுத்துக்கொண்டு நடக்கக்கூடாது.

அடுத்த வாரம் புதுப் பாதையைத் தேடவேண்டாம். அதே பாதையை எதிர்த்திசையில் நடந்து பாருங்கள். போன முறை கவனிக்காமல் தாண்டிய பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். அவற்றை வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.