பட்டாளத்துல இருக்குற நம்ம ஆளுக்குத் துணையா இருக்கணும், அவங்க விவரமும் வெளிய போகக்கூடாது: வீட்டுல இருக்குறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

வணக்கங்க. நான் வேலூர் பக்கம். எங்க ஏரியாவுல பட்டாளத்துக்காரங்க இல்லாத தெருவே கிடையாதுன்னு சொல்லலாம், கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டைன்னே இன்னொரு பேரு உண்டு, அங்க தாத்தா அப்பா பையன்னு தலைமுறை தலைமுறையா போயிருக்காங்க. என் தம்பியும் ஆர்மிலதான் இருக்கான்.

அவன் சேர்ந்த முதல் தீபாவளிக்கு அம்மா கைமுறுக்கு, அதிரசம் எல்லாம் சுட்டு பார்சல் கட்டினாங்க. நான் சந்தோஷத்துல அந்தப் பார்சலை அட்ரஸோட போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வச்சிட்டேன். ராத்திரி தம்பி போன் பண்ணான். கோவமெல்லாம் படல, "அக்கா அதை எடுத்துடுக்கா, என் நம்பரு, யூனிட்டு எல்லாம் தெரியுது"ன்னு மட்டும் சொன்னான். நான் எடுக்குறதுக்குள்ள நூத்தி சொச்சம் பேர் பாத்தாச்சு, அதுல பாதி பேரு யாருன்னே எனக்கு நினைவு இல்ல, எப்பவோ சேவ் பண்ண நம்பருங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அதுக்கப்புறம் அவன்கிட்டயும், எங்க தெருவுல இருக்குற எக்ஸ் சர்வீஸ்மேன் மாமாக்கள்கிட்டயும் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். வீட்டுல புதுசா ஒரு பையனோ பொண்ணோ ஃபோர்ஸ்ல சேர்ந்திருந்தா உங்களுக்கு இது உதவும்.

ஸ்டெப் 1: எதைச் சொல்லக்கூடாதுன்னு வீட்டுல எல்லாரும் உக்காந்து பேசிக்கோங்க

அவர் எந்த ஊர்ல இருக்கார், எந்த யூனிட், எப்போ லீவுல வரார், எந்த ட்ரெயின், எப்போ திரும்புறார், யூனிட் எங்க மூவ் ஆகுது, கூட எத்தனை பேர். இதெல்லாம் வெளிய போகக்கூடாது. ஒவ்வொண்ணா பாத்தா சாதாரண விஷயமாத்தான் தெரியும், ஆனா அத்தை ஒரு இடத்துல ஊர் பேரைச் சொல்றாங்க, தங்கச்சி இன்ஸ்டால யூனிட் பேட்ஜோட போட்டோ போடுறா, மச்சான் "அடுத்த வாரம் கிளம்புறாங்களாம்"னு குரூப்ல எழுதுறாரு, மூணையும் ஒருத்தன் சேத்து வச்சுப் பாத்தான்னா முழு விஷயமும் கையில வந்துடும்.

2020 ஜூலைல இந்திய ராணுவம் 89 ஆப்பை போன்ல இருந்து தூக்கணும்னு சொல்லுச்சு, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் அந்த லிஸ்ட்ல இருந்துச்சு. அவங்க தூக்கிட்டாங்க, ஆனா அவங்க போட்டோ நம்ம போன்ல இருக்கே. அதனாலதான் வீட்டுல இருக்குற நம்மளும் இதைத் தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன்.

ஸ்டெப் 2: லெட்டர், பார்சல் அனுப்புறது

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். ராணுவத்துக்குன்னு தனி தபால் துறை இருக்கு, ஆர்மி போஸ்டல் சர்வீஸ், 1972 மார்ச் 1லேர்ந்து ராணுவத்துக்குள்ளயே தனிப் பிரிவு (கோர்). நம்ம ஆள் பனிமலைல இருந்தாலும் பாலைவனத்துல இருந்தாலும் நாம எழுதுற அட்ரஸ்ல ஊர் பேரு வராது. அவரோட ஆர்மி நம்பர், ரேங்க், பேரு, யூனிட், அப்புறம் பின்கோடு, கேர் ஆஃப் 56 ஏபிஓ இல்லன்னா 99 ஏபிஓ (ஏபிஓன்னா ஆர்மி போஸ்ட் ஆபீஸ்), அவ்வளவுதான். 56ன்னா டெல்லில இருக்குற பேஸ் போஸ்ட் ஆபீஸ் வழியா போகும், 99ன்னா கொல்கத்தா வழியா, அது கிழக்குப் பக்கம் இருக்குறவங்களுக்கு. பின்கோடு 9ல ஆரம்பிக்கும், நாட்டுல 9ல ஆரம்பிக்குற பின்கோடெல்லாம் ராணுவத் தபாலுக்குன்னே ஒதுக்கினது. யூனிட் எங்க இருக்குன்னு தெரிய வேண்டியது அந்தத் தபால்காரங்களுக்கு மட்டும்தான், அனுப்புற நமக்குக்கூடத் தெரிய வேண்டியதில்ல. அம்மா சுட்ட முறுக்கு கரெக்டா அவன் கைக்குப் போய்ச் சேருது, ஆனா அவன் எங்க இருக்கான்னு அந்தப் பெட்டி மேல ஒரு எழுத்துகூட இல்ல. நாமளும் அப்படித்தான் நடந்துக்கணும்னு நான் முடிவு பண்ணதே இதைப் புரிஞ்சுக்கிட்ட அப்புறம்தான்.

இப்ப செய்முறைக்கு வரேன். அட்ரஸை அவர்கிட்டயே கேட்டு, ஒரு பேப்பர்ல எழுதி பீரோல வைங்க, ஃபேமிலி குரூப்ல போடாதீங்க. உங்க ஆர்வத்துல ஊர் பேரையோ மாநிலத்தையோ சேத்து எழுதிடாதீங்க, சேத்தா பார்சல் வேற ரூட்ல போய் லேட்டும் ஆகும். தபால் ஆபீஸ்லயே போடுங்க, ஏபிஓ அட்ரஸுக்கு அதான் வழி. எண்ணெய்ப் பலகாரம்னா நல்லா ஆறவிட்டு, ரெண்டு கவர் போட்டு, டப்பால அடைச்சு, சுத்தி நியூஸ்பேப்பர் திணிச்சு, வெளிய துணி வச்சுத் தைச்சுடுங்க. போய்ச் சேர நாள் ஆகும்ங்குறதால தேங்காய் போட்ட எதையும் வைக்காதீங்க, பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், எள்ளுருண்டை தாங்கும். குளிர் பிரதேசம்னா தேங்கா எண்ணெய் பாட்டில்லயே கல்லு மாதிரி ஆயிடும், வாய் அகலமான டப்பால குடுங்க. சென்ட் ஸ்ப்ரே, லைட்டர், பவர் பேங்க் இதெல்லாம் வைக்கக்கூடாது.

ரசீதை போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதீங்க. அட்ரஸை பிரவுசிங் சென்டர்ல டைப் அடிச்சா, பிரின்ட் வந்ததும் அந்த ஃபைலை அழிச்சுட்டீங்களான்னு கேட்டுட்டு, பக்கத்துல நின்னு பாத்துட்டு வாங்க. கையால பெரிய எழுத்துல எழுதுறதே மேல்.

ஸ்டெப் 3: போன் செட்டிங்ஸ்

முதல்ல கேமரா செட்டிங்ஸ்ல லொகேஷன் டேகை ஆஃப் பண்ணுங்க, உங்க போன்லயும் சரி, அவர் லீவுல வரும்போது அவர் போன்லயும் சரி. ஆன்ல இருந்தா போட்டோ எடுத்த இடம் அந்த ஃபைலுக்குள்ளயே பதிஞ்சிடும். வாட்ஸ்அப்ல சாதா போட்டோவா அனுப்பினா அந்த விவரம் போயிடும், ஆனா கிளியரா வரணும்னு டாக்குமென்ட்டா அனுப்புவோம் பாருங்க, அப்போ அப்படியே போகும்.

அடுத்து வாட்ஸ்அப் பிரைவசிக்குப் போய் ஸ்டேட்டஸை "ஒன்லி ஷேர் வித்"னு மாத்தி, நெருங்கின சொந்தம் பத்து இருபது பேரை மட்டும் வைங்க. புரொஃபைல் போட்டோ "மை காண்டாக்ட்ஸ்"க்கு மட்டும். குரூப்ல யார் சேக்கலாம்ங்குறதையும் அப்படியே மாத்துங்க. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு அந்த 6 நம்பரை மனசுல வச்சுக்கோங்க. அம்மா அப்பா போனுக்கும் நீங்களே பண்ணிக் குடுங்க, அவங்களா பண்ணமாட்டாங்க.

ஓட்டப்பயிற்சி கணக்கு வைக்குற ஆப் எல்லாம் சாதாரணமா நினைக்காதீங்க. ஸ்ட்ராவான்னு ஒரு ஆப் உலகம் பூரா ஜனங்க ஓடின பாதையெல்லாம் சேத்து ஒரு மேப் போட்டாங்க, 2018 ஜனவரில ஒரு ஆஸ்திரேலிய காலேஜ் பையன் அதைப் பாத்துட்டு ஆப்கானிஸ்தான், சிரியா மாதிரி நாடுகள்ல ராணுவ முகாம்கள் இருட்டுல பளிச்சுன்னு தெரியுதுன்னு எடுத்துக் காட்டினாரு. ஆளே இல்லாத பாலைவனத்துல கோடு கோடா வெளிச்சம், அதெல்லாம் சிப்பாய்ங்க காலைல ஓடின தடம். யாரும் வேணும்னு சொன்ன ரகசியம் இல்ல அது.

ஸ்டெப் 4: ஐடி கார்டு, ஆதார், கேன்டீன் கார்டு

யூனிஃபார்ம்ல அவர் ஐடி கார்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்குற போட்டோவைப் போடவே போடாதீங்க. பழைய பைக், வாடகை வீடு விளம்பரத்துல "நான் ஆர்மில இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, சீக்கிரம் விக்கணும்"னு சொல்லி ஒரு ராணுவ ஐடி கார்டு போட்டோவை அனுப்பி, க்யூஆர் கோடு குடுத்து காசைப் புடுங்குற மோசடி எத்தனையோ நடந்திருக்கு. பட்டாளத்துக்காரர்னா ஜனங்க நம்புறாங்க, அந்த நம்பிக்கையை வச்சுத்தான் ஏமாத்துறான், அதுக்கு அவனுக்குத் தேவை நிஜமான ஒருத்தரோட கார்டு. நாம பெருமைக்குப் போட்ட போட்டோ அவனுக்கு முதலீடா போயிடுது.

ஜெராக்ஸ் கடை நம்பருக்கு டாக்குமென்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்பி பிரின்ட் எடுக்குறோமே, வேலை முடிஞ்சதும் அங்கயே நின்னு "டெலிட் ஃபார் எவ்ரிஒன்" குடுங்க, கடைக்காரரையும் கம்ப்யூட்டர்ல அழிக்கச் சொல்லுங்க. ஆதார் கேட்டா மாஸ்க்டு ஆதார் டவுன்லோட் பண்ணிக் குடுக்கலாம், அதுல முதல் 8 நம்பர் மறைஞ்சு கடைசி 4 மட்டும்தான் தெரியும். டிபெண்டென்ட் கார்டு (குடும்பத்துக்காரங்களுக்குக் குடுக்குறது), கேன்டீன் கார்டு, இசிஹெச்எஸ் கார்டு (எக்ஸ் சர்வீஸ்மேன் மருத்துவத் திட்டத்துக்கானது) மூணையும் கேலரில வச்சுக்காதீங்க.

ஸ்டெப் 5: போன்ல யாராவது கேட்டா

"ரெக்கார்ட் ஆபீஸ்ல இருந்து பேசுறோம்", "ஸ்பர்ஷ்ல உங்க பென்ஷன் நின்னுடும், ஓடிபி சொல்லுங்க" (ஸ்பர்ஷ்ங்குறது ராணுவ பென்ஷனுக்கான ஆன்லைன் தளம்), "உங்க பையனுக்கு ஆக்சிடென்ட், உடனே பணம் போடுங்க". இப்படியெல்லாம் வரும். எங்க வீட்டுல ஒரு வார்த்தை வச்சிருக்கோம், எங்க பழைய மாட்டோட பேரு, நெஜமாவே அவசரம்னு தம்பி யார்கிட்டயாவது சொல்லி அனுப்பினா அந்தப் பேரைச் சொல்லணும், சொல்லலன்னா போனை வச்சிடணும், அம்மாவுக்கே இது தைரியமா இருக்கு. காசு போயிடுச்சுன்னா யோசிச்சிட்டு உக்காராம உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்குப் போன் பண்ணுங்க.

முகம் தெரியாத ஒருத்தர் ஃபேஸ்புக்ல நட்பாகி, பாசமா பேசி, கொஞ்ச நாள்ல "அண்ணன் எந்தப் பக்கம் டியூட்டி?"ன்னு ஆரம்பிச்சா பதில் சொல்லாம பிளாக் பண்ணிட்டு பட்டாளத்துல இருக்குற நம்ம ஆள்கிட்ட சொல்லிடுங்க. பேசிட்டோமேன்னு பயந்து மறைக்க வேணாம். சீக்கிரம் சொன்னா அவர் தன் மேலதிகாரிகிட்ட சொல்லி சரி பண்ணிடலாம், மறைச்சாதான் சிக்கல்.

ஸ்டெப் 6: ஃப்ளெக்ஸ், பத்திரிகை, ஊர் விசேஷம்

நம்ம ஊர்ல லீவுல வந்தாலே ஃப்ளெக்ஸ் வைக்குறாங்க, பாசம்தான், தப்பு சொல்லல. ஆனா ரேங்க், ரெஜிமென்ட், இப்ப இருக்குற இடம் எல்லாம் அதுல போடாதீங்க. கல்யாணப் பத்திரிகைல பேருக்குக் கீழ "இந்திய ராணுவம்"னு இருந்தா போதும், அந்த மரியாதையே பெரிசு. "ஊருக்குக் கிளம்பிட்டான், மனசு வலிக்குது"ன்னு அன்னைக்கே ஸ்டேட்டஸ் போட்டா வீட்டுல மனைவியும் குழந்தையும் தனியா இருக்காங்கன்னும் சேத்துச் சொல்றோம். போய்ச் சேர்ந்து பத்து நாள் கழிச்சு எழுதிக்கலாம்.

ஸ்டெப் 7: எல்லைல பதட்டம்னு நியூஸ் வரும்போது

இந்த நேரத்துல கை சும்மா இருக்கணும், இதைவிடப் பெரிய உதவி வேற இல்ல. ராணுவ வண்டி வரிசையா போறதைப் பாத்தா கையை ஆட்டுங்க, சல்யூட் அடிங்க, வீடியோ எடுக்காதீங்க. 2008 மும்பை தாக்குதலப்போ கமாண்டோக்கள் என்ன பண்றாங்கன்னு டிவில லைவ்வா காட்டினாங்க, அது எவ்வளவு ஆபத்துன்னு அப்புறம்தான் எல்லாருக்கும் உறைச்சுது, 2015ல கேபிள் டிவி விதிலயே அந்த மாதிரி லைவ் கூடாதுன்னு சேத்தாங்க. 2025 ஏப்ரல், மே மாசத்துலயும் அரசாங்கம் மறுபடியும் சொல்லுச்சு, டிவிக்கு மட்டுமில்ல, சோஷியல் மீடியால இருக்குறவங்களுக்கும் சேத்து.

யாராவது வீரமரணம்னு கேள்விப்பட்டா பேரு, போட்டோ எதையும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க. அந்த வீட்டுக்கு முறைப்படி சொல்றதுக்கு முன்னாடி ஒரு தாய்க்கு வாட்ஸ்அப்ல அது தெரியக்கூடாதுங்க. அவங்க குடும்பத்தோட பேங்க் அக்கவுண்ட் நம்பர்னு சுத்துறதையும் அனுப்பாதீங்க, அது உண்மையா இருந்தாலும் அந்த வீட்டு விவரம் ஊரெல்லாம் போகுது, பொய்யா இருந்தா காசு திருடனுக்குப் போகுது.

குடுக்கணும்னு நினைச்சா அரசாங்க வழில குடுங்க. மத்திய ஆயுதக் காவல் படை வீரர்கள் குடும்பத்துக்கு "பாரத் கே வீர்", ராணுவத்துக்கு "மா பாரதி கே சபூத்" தளம். டிசம்பர் 7 கொடி நாள், 1949லேர்ந்து நடக்குது, அந்த நிதிக்கு கலெக்டர் ஆபீஸ்லயும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துலயும் ரசீது போட்டு வாங்கிப்பாங்க.

ஸ்டெப் 8: நீங்க பக்கத்து வீட்டுக்காரங்கன்னா

பட்டாளத்துக்காரர் வீட்டுக்குப் பக்கத்துல இருக்கீங்கன்னா "இப்ப எங்க இருக்காரு, என்னைக்கு வராரு?"ன்னு கேக்காதீங்க, "நல்லா இருக்காரா, நீங்க சாப்ட்டீங்களா?"ன்னு கேளுங்க. அப்பா ஊர்ல இல்லாத குழந்தையை ஸ்கூல் ஆண்டு விழாக்குக் கூட்டிட்டுப் போங்க. ராத்திரி மாமியாருக்கு மூச்சு வாங்குதுன்னா ஆட்டோ புடிச்சுக் குடுங்க. எங்க தெருவுல ஒரு அண்ணன் மாசா மாசம் அம்மாவை பிரஷர் மாத்திரைக்கு ஜிஹெச்சுக்கு வண்டில கூட்டிட்டுப் போவாரு, இத்தனை வருஷத்துல தம்பி எங்க இருக்கான்னு ஒரு தடவை கேட்டது கிடையாது.

ஸ்டெப் 9: ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா

இன்னைக்கு ராத்திரி சாப்ட்டு முடிச்சதும் வீட்டுல எல்லார் போனையும் வாங்குங்க. ஃபேஸ்புக், இன்ஸ்டால அவர் பேரைத் தேடி, யூனிஃபார்ம் போட்டோ, யூனிட் பேரு, ஊர் டேக் போட்ட பழைய போஸ்டை எல்லாம் ஒவ்வொண்ணா அழிங்க. சொந்தக்காரங்க டேக் பண்ணது இருந்தா போன் போட்டு பக்குவமா எடுக்கச் சொல்லுங்க, பெரியவங்க மனசு நோகாம. அழிக்குறதுக்கு முன்னாடி நல்ல போட்டோவை எல்லாம் கடைல பிரின்ட் போடாம, வீட்டுலயே ஒரு பென்டிரைவ்ல ஏத்தி வச்சிடுங்க. அடுத்த லீவுக்கு அவர் வரும்போது எல்லாரும் ஒண்ணா உக்காந்து டிவில போட்டுப் பாக்கலாம், போன தடவை தம்பி வந்தப்போ நாங்க அப்படித்தான் விடிய விடிய பாத்தோம்.