ஆங்கிலம் கற்போர் எங்கே இடறுகிறார்கள்: தடையை அறிந்து பயிற்சியை அமைத்துக்கொள்ளும் முறை

பல ஆண்டுகள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்துத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்ற மாணவர், யாரேனும் ஆங்கிலத்தில் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டதும் வாயடைத்துப் போவது எல்லோரும் அறிந்ததுதான். அந்த நேரத்தில் மாணவரும் ஆசிரியரும் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: இலக்கணம் போதவில்லை. உடனே வினைச்சொற்களின் மூன்று வடிவங்களும் காலங்களின் அட்டவணையும் மறுபடி முதலிலிருந்து மனப்பாடமாகின்றன. இந்த முடிவு பல வேளைகளில் தவறானது என்பதே என் கருத்து. கேள்வியே காதில் சரியாக விழாதவர், விழுந்தாலும் விடைக்குரிய சொல் நாவுக்கு எட்டாதவர், சொற்கள் கிடைத்தும் அவற்றைத் தமிழ் வரிசையில் அடுக்கிவிடுபவர், எல்லாம் தெரிந்திருந்தும் பிழை வந்துவிடுமோ என்று அஞ்சுபவர் ஆகிய நால்வரும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரிதான் தெரிவார்கள். ஆனால் நால்வருக்கும் ஒரே மருந்து வேலை செய்யாது.

ஆகவே பயிற்சியைத் தொடங்குமுன் தமக்குரிய தடை எது என்பதைக் கண்டறிந்துகொள்ள வேண்டும். எழுத்து வடிவமும் சேர்ந்து கிடைக்கும் ஓர் ஒலிப்பதிவிலிருந்து ஒரு நிமிடப் பகுதியை எடுத்துக்கொண்டால் போதும். முதலில் எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேட்டு, விளங்கியதைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு எழுத்து வடிவத்தைப் படிக்க வேண்டும். படிக்கும்போது எளிதாக விளங்குவது கேட்கும்போது விளங்கவில்லை என்றால் தடை காதில் இருக்கிறது. படித்தும் விளங்காமல், வரிக்கு இரண்டு மூன்று சொற்கள் புதியவையாக இருந்தால் தடை சொல்வளத்தில் இருக்கிறது. சொற்கள் எல்லாம் தெரிந்தும் வாக்கியம் பிடிபடவில்லை என்றால் அமைப்பில் இருக்கிறது. கடைசியாக, அதே செய்தியைத் தாளைப் பார்க்காமல் சொந்தச் சொற்களில் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்து, அதைத் திரும்பக் கேட்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலர் கூச்சத்தால் தவிர்த்துவிடுகிறார்கள். பயன் மிகுதியாக இருப்பதோ அதில்தான்.

ஒலிகள்

ஆங்கில ஒலிகளில் தமிழ் பேசுவோருக்கு வரும் தொல்லைக்குத் தெளிவான காரணங்கள் உண்டு. 'ப' என்னும் எழுத்து 'பல்' என்ற சொல்லின் முதலில் ஒருவிதமாகவும், 'அம்பு' என்ற சொல்லில் மெல்லினத்தை அடுத்து வேறுவிதமாகவும் ஒலிக்கிறது. எந்த ஒலி வரும் என்பதை அது நிற்கும் இடமே முடிவு செய்துவிடுவதால் தமிழுக்கு ஓர் எழுத்து போதும். ஆங்கிலத்திலோ இவ்விரு ஒலிகளும் ஒரே இடத்தில் நின்று பொருளை மாற்றும். குண்டூசியைக் குறிக்கும் 'பின்' என்ற சொல்லும் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் 'பின்' என்ற சொல்லும் வெவ்வேறானவை என்பதை இங்கே பொருளைச் சொல்லித்தான் உணர்த்த முடிகிறது. தமிழ் எழுத்து இரண்டையும் ஒன்றாகவே காட்டுகிறது. அவ்வளவு ஏன், அந்த ஆங்கில எழுத்துகள் இரண்டின் பெயரும் நம் எழுத்தில் 'பி' என்றே ஆகிவிடுகின்றன. ஆங்கிலச் சொல்லின் அடியில் பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதிவைத்துப் படிக்கும் வழக்கம் ஏன் கைவிடத்தக்கது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. தொடக்கத்தில் அது கைகொடுப்பதுபோல் தோன்றினாலும், காது பிரித்தறிய வேண்டிய வேறுபாட்டைக் கண் அழித்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, இணைய அகராதியில் சொல்லின் அருகிலுள்ள ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டுக் கேட்டு, உடனே வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

இவ்விரு ஒலிகளும் நமக்குப் புதியவை அல்ல என்பது ஆறுதலான செய்தி. 'அம்பு' என்பதை மெதுவாகச் சொல்லி, அதன் இறுதி அசையை மட்டும் பிரித்துச் சொல்லிப் பார்த்தால் ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்துக்குரிய ஒலி கிடைத்துவிடும். 'பஸ்' என்று சொல்லும்போது பெரும்பாலோர் அதைத்தான் ஒலிக்கிறார்கள். பதினாறாம் எழுத்துக்குரிய ஒலிக்குச் சற்றுக் கூடுதல் கவனம் தேவை. அது அழுத்தமான அசையின் முதலில் வரும்போது மூச்சுக்காற்றோடு வெடித்து வரும். தமிழில் அந்தக் காற்று இல்லை. உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய தாள்துண்டைப் பிடித்துக்கொண்டு குண்டூசிக்குரிய சொல்லைச் சொன்னால் தாள் நன்றாக அசைய வேண்டும். குப்பைத்தொட்டிக்குரிய சொல்லைச் சொல்லும்போது அது ஏறத்தாழ அசையாமல் இருக்க வேண்டும். சொல்லின் இறுதியில் இதே வேறுபாடு இன்னொரு வழியில் வெளிப்படுகிறது. இருக்கையைக் குறிக்கும் 'சீட்' சட்டென்று முடியும். விதையைக் குறிக்கும் 'சீட்' சற்று நீண்டு முடியும். இறுதி மெய்யைக் காட்டிலும் அதற்கு முன்னுள்ள உயிரின் நீளமே கேட்பவருக்கு அடையாளமாகிறது.

மேற்கைக் குறிக்கும் 'வெஸ்ட்', உள்ளாடையைக் குறிக்கும் 'வெஸ்ட்' ஆகிய இரண்டுக்கும் ஒரு கண்ணாடி போதும்: முன்னதற்கு உதடுகள் குவிய வேண்டும், பல் படக் கூடாது; பின்னதற்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். சொல்லிறுதியில் உகரம் சேர்த்து 'புக்கு' என்பதும், சொல்முதலில் இகரம் சேர்த்து 'இஸ்கூல்' என்பதும் தமிழின் ஒலியமைப்பு வாய்க்குக் கற்பித்த பழக்கங்கள். கவனம் வைத்தால் விரைவில் நீங்கிவிடும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை அழுத்தம். ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை ஓங்கி ஒலிக்க, மற்றவை தேய்ந்து, அவற்றின் உயிரொலி 'அ'வுக்கு நெருங்கிய ஒரு மங்கலான ஒலியாகிவிடும். புகைப்படத்தைக் குறிக்கும் 'ஃபோட்டோகிராஃப்' என்ற சொல்லில் முதல் அசை ஓங்கும். புகைப்படக் கலையைக் குறிக்கும் சொல்லில் இரண்டாம் அசை ஓங்க, அது 'ஃபடாக்ரஃபி' என்பதற்கு அருகில் ஒலிக்கும். முதற்சொல்லை நன்கு அறிந்த மாணவர் இரண்டாம் சொல்லைக் கேட்கையில் புதுச்சொல் என்றே எண்ணிவிடுவார். வாக்கியத்திலும் இதேதான் நடக்கிறது. 'கேன்' என்பது வாக்கியத்தின் நடுவே 'கன்' என்று சுருங்குகிறது. 'பிக் இட் அப்' என்னும் மூன்று சொற்கள் 'பிக்கிட்டப்' என்று ஒன்றாகிவிடுகின்றன. வருமொழியின் உயிர் நிலைமொழியின் மெய்யோடு சேர்வது தமிழ்ப் புணர்ச்சியின் அடிப்படை விதி என்பதால், இந்தச் சேர்க்கை நமக்கு அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை; நம் பாடநூல்கள் சொற்களைத் தனித்தனியாகவே கற்பிப்பதால்தான் தோன்றுகிறது.

இதற்கான பயிற்சி எளியது, ஆனால் பொறுமை வேண்டும். பத்துப் பதினைந்து வினாடி ஒலிப்பதிவைக் கேட்டு, காதில் விழுந்ததைச் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். விழாத இடத்தில் கோடிட்டு விட்டுவிட்டு, மூன்று நான்கு முறை கேட்டபின் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட வேண்டும். விட்டுப்போனவற்றில் பெரும்பாலானவை 'ஆஃப்', 'டு', 'ஹேவ்' போன்ற சின்னஞ்சிறு சொற்களாகவே இருப்பதைக் காணலாம். பிறகு அதே பகுதியை ஓடவிட்டு, பேசுபவரோடு சேர்ந்து, அவர் ஓங்கும் இடத்தில் ஓங்கியும் தேயும் இடத்தில் தேய்ந்தும் பேசிப் பழக வேண்டும். நீண்ட பதிவை ஒருமுறை கேட்பதைவிடக் குறுகிய பதிவைப் பலமுறை கேட்பதே இங்கே பயன்தரும்.

எழுத்துக்கூட்டல்

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. ஒலிகளோ வட்டாரத்துக்கேற்பச் சற்றுக் கூடக்குறைய 44. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவிய பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல நிலைபெற்றது. ஆனால் உயிரொலிகள் அதன் பின்னும் மாறிக்கொண்டே இருந்தன. போர்வீரரைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லில் இன்று ஊமையாக நிற்கும் எழுத்துகள் ஒருகாலத்தில் ஒலிக்கப்பட்டவையே. இந்த வரலாறு தெரிந்தால் எரிச்சல் குறையும். எழுத்துக்கூட்டல் தானாக வந்துவிடாது. ஒரே அமைப்புள்ள சொற்களைக் குழுவாகச் சேர்த்து எழுதிப் பழகுவதும், அடிக்கடி தவறும் சொற்களுக்கு மட்டும் தனிப் பட்டியல் வைத்துக்கொள்வதும் போதுமானவை.

வாக்கியம்

தமிழ் வாக்கியத்தை மனத்தில் அமைத்துக்கொண்டு அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்குவதால் வரும் பிழைகள் பல. 'அவர் ஆசிரியர்' என்பதில் வினை இல்லை. ஆங்கிலத்துக்கு 'இஸ்' வேண்டும். 'வந்தேன்' என்னும்போது விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஐ' இல்லாமல் வாக்கியம் நிற்காது. 'குளிராக இருக்கிறது' என்பதற்குத் தமிழில் எழுவாய் தேடுவோர் இல்லை. ஆங்கிலம் அங்கேயும் 'இட்' என்று ஓர் எழுவாயைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. 'எனக்குத் தெரியும்', 'எனக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள்' என்று நான்காம் வேற்றுமையில் தொடங்குபவை 'ஐ நோ', 'ஐ ஹேவ்' என்று எழுவாயிலேயே தொடங்க வேண்டும். 'நேற்று வந்த மாணவர்' என்பதில் பெயருக்கு முன்னால் நிற்கும் பெயரெச்சம், ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னால் 'ஹூ' என்ற சொல்லோடு போய்ச் சேர வேண்டும்.

காலத்தில் வரும் சிக்கலுக்கு ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். 'ஐந்து ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்' என்பதைப் பலர் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று சொல்கிறார்கள். இதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. தமிழில் நிகழ்கால வினை இங்கே இயல்பாகப் பொருந்துகிறது. ஆங்கிலமோ முன்பே தொடங்கி இன்றும் தொடர்வதற்குத் தனி வடிவம் கேட்கிறது. அதோடு, 'சின்ஸ்' தொடங்கிய புள்ளியைக் காட்டும் சொல்; கால அளவுக்கு வேண்டியது 'ஃபார்'. ஆகவே 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று அமைய வேண்டும். இந்த விதியைப் பத்து முறை படிப்பதைவிட, தம் வாழ்க்கையில் உண்மையாக உள்ள நான்கைந்து செய்திகளை இதே அமைப்பில் சொல்லிப் பழகினால் நாக்கு அதைப் பிடித்துக்கொள்ளும்.

வாக்கிய அமைப்புக்கு நான் பரிந்துரைப்பது இருவழி மொழிபெயர்ப்பு. ஐந்தாறு வாக்கியங்கள் கொண்ட எளிய ஆங்கிலப் பத்தி ஒன்றை நல்ல தமிழில் எழுதி, மூலத்தை மூடிவைக்க வேண்டும். மறுநாள் அந்தத் தமிழை மட்டும் பார்த்து ஆங்கிலத்தில் திரும்ப எழுதி, மூலத்தோடு ஒப்பிட வேண்டும். எந்தெந்த இடத்தில் தம் தமிழ் ஆங்கிலத்தை இழுத்துச் செல்கிறது என்பது சிவப்பு மையில் அடிக்கோடிட்டதுபோல் தெரியும். அதைக் காட்ட ஆசிரியரும் தேவையில்லை. வேறுபட்டவை எல்லாம் பிழையாகிவிட மாட்டா என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, ஐயமுள்ளவற்றைத் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

'எ', 'தி' என்னும் சிறு சொற்களைப் பற்றித் தொடக்கத்திலேயே அதிகம் கவலைப்பட வேண்டாம் என்பேன். அவற்றின் நுட்பங்கள் நெடுநாள் வாசிப்பில்தான் படியும். அவற்றில் பிழை நேர்ந்தாலும் பொருள் பெரும்பாலும் கெடுவதில்லை. முதன்முறை குறிப்பிடும்போது 'எ', அதையே மறுபடி குறிப்பிடும்போது 'தி' என்ற அளவோடு தொடங்கினால் போதும்.

சொற்கள்

மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுப்பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் இருந்தன. அன்றாட ஆங்கிலத்தின் பெரும்பகுதி அத்தகைய சொற்களாலேயே ஆனது. நம் மாணவர்களோ 'கெட்', 'டேக்', 'புட்' போன்ற சொற்களின் பல பயன்களை அறியுமுன்பே அரிய சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள். 'கிவ்' என்றால் கொடு என்று தெரிந்தவருக்கு, 'கிவ் அப்' என்றால் முயற்சியைக் கைவிடுதல் என்பது தெரியாது. எனவே சொல்லேட்டில் ஒரு சொல்லையும் அதன் பொருளையும் மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு, அது வழக்கமாகச் சேர்ந்து வரும் சொற்களோடு தொடராக எழுத வேண்டும்: பிழை செய்வதற்கு 'மேக்', வீட்டுப்பாடம் செய்வதற்கு 'டூ' என்பது தொடராகப் படித்தால்தான் நிற்கும். எழுதியதை மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் பொருளை மறைத்துவைத்து நினைவுகூர்ந்து பார்க்க வேண்டும். ஏட்டை வெறுமனே புரட்டிப் படிப்பது, தெரிந்துவிட்டது என்ற மயக்கத்தைத்தான் தரும்.

பேச்சும் திருத்தமும்

பேச்சில் தயக்கம் உள்ளவர்களுக்கு ஆசிரியர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தும் ஒரு முறை உண்டு. தெரிந்த பொருள் ஒன்றைப் பற்றி ஒருவரிடம் 4 நிமிடம் பேச வேண்டும். அதையே இன்னொருவரிடம் 3 நிமிடத்திலும், மற்றொருவரிடம் 2 நிமிடத்திலும் சொல்ல வேண்டும். மூன்றாம் முறை வரும்போது சொற்களைத் தேடும் வேலை குறைந்து, வேகம் தானாகக் கூடுகிறது. கூட ஆள் இல்லாதவர் கைபேசியிடமே பேசிப் பதிவு செய்யலாம். மேடைப் பேச்சுப் போட்டிக்கு எழுதிக்கொடுத்ததை ஒப்பிப்பதில் இந்தப் பயன் கிடைக்காது.

பிறர் சிரிப்பார்கள் என்னும் அச்சத்துக்கு அறிவுரை பயன்படுவது அரிது. ஆசிரியரின் நடைமுறை பயன்படும். மாணவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு சொல்லிலும் குறுக்கிட்டுத் திருத்தினால், அடுத்த முறை அவர் இரண்டு சொற்களில் பேச்சை முடித்துக்கொள்வார். அவரைப் பேசி முடிக்கவிட்டு, பொருளைக் கெடுத்த பிழைகளை மட்டும் குறித்துவைத்திருந்து, பெயர் சொல்லாமல் வகுப்புக்குப் பொதுவாக எழுதிக் காட்டலாம். 'டிட் யூ வென்ட்' என்று ஒருவர் கேட்டால், 'எஸ், ஐ வென்ட். டிட் யூ கோ?' என்று சரியான வடிவத்தை விடையிலேயே வைத்துத் திருப்பிக் கேட்பது இன்னும் நல்லது. தாமே படிப்பவர்கள் ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வகைப் பிழையைத் தேர்ந்து, தம் பதிவுகளில் அதை மட்டும் தேடித் திருத்திக்கொள்ளலாம். மற்றப் பிழைகள் தம் முறை வரும்வரை காத்திருக்கட்டும்.