சென்ட்ஓஎஸ் 7-இல் புது போஸ்ட்கிரெஸ் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் என் மேசைக்கு வந்து, "அண்ணா, எல்எஸ் போட்டாக்கூட எரர் வருது" என்றார். (எல்எஸ் என்பது கோப்புகளைப் பட்டியலிடும் சாதாரண கமாண்ட்.) முகம் வெளுத்திருந்தது. என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. "டெர்மினலை மூடிட்டீங்களா?" என்றுதான் கேட்டேன். மூடவில்லை. நல்ல வேளை.

அதே வேலையை நான் செய்து பல வருடங்கள் ஆகின்றன. ஆனால் நான் டெர்மினலை மூடிவிட்டேன்.

பேக்கப் எடுங்கள், டெஸ்ட் சர்வரில் முதலில் போட்டுப் பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் புதுப் பதிப்பை ஏற்றும்போது தெரியாமல் மாட்டிக்கொள்கிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

செத்தது ரெப்போ, நெட்வொர்க் அல்ல

சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. பேக்கேஜ்களை வைத்திருக்கும் ரெப்போவின் நகல்கள் எங்கே என்று சொல்லும் மிரர்லிஸ்ட் முகவரியும் அதோடு போய்விட்டது. பேக்கேஜ் நிறுவும் யம் கமாண்ட் 'ஹோஸ்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்றால், டிஎன்எஸ்ஸையும் ஃபயர்வாலையும் நோண்டி அரை நாளை வீணாக்க வேண்டாம். ரெப்போ கோப்புகளில் மிரர்லிஸ்ட் வரியை நீக்கிவிட்டு பழைய பதிப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் வால்ட் முகவரியைக் கொடுத்தால் போதும்.

ஜிலிப்சியில் கை வைப்பது

இதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஜிலிப்சி என்பது ஏறக்குறைய எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரி. சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது ஜிலிப்சி 2.17. அதன் சொந்த ரெப்போவில் இருக்கும் போஸ்ட்கிரெஸ் 9.2. அன்று வாடிக்கையாளருக்கு 12 வேண்டியிருந்தது. இணையத்தில் தேடி, கண்ணில் முதலில் பட்ட ஆர்பிஎம் கோப்பை இறக்கினேன். கோப்பின் பெயரில் 'இஎல்8' (7-க்கு அல்ல, 8-க்கானது) என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. நிறுவினால், 'ஜிலிப்சி 2.28 வேண்டும்' என்று நின்றுவிட்டது. அங்கேயே நானும் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. இன்னொரு சர்வரிலிருந்து ஜிலிப்சி 2.28-இன் முக்கியக் கோப்பான லிப்சியை நகலெடுத்து வந்து போட்டேன். இயங்குதளம் முழுக்கச் சார்ந்திருக்கும் அந்த ஒற்றை சிம்லிங்கை, அதாவது லிப்சி கோப்பைச் சுட்டும் குறுக்குவழியை, புதுக் கோப்பின் பக்கம் திருப்பிவிட்டேன்.

அடுத்த கமாண்ட் எல்எஸ். 'ரீலொகேஷன் எரர்'. சிபி, எம்வி, யம், சூடோ எல்லாவற்றுக்கும் அதே பதில். லிப்சி புதியது, அதை ஏற்றிவிடும் லோடர் பழையது. இரண்டும் ஒரே பதிப்பாக இல்லையென்றால் எந்த நிரலும் தொடங்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாடிக்கையாளரின் அப்ளிகேஷன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு புது இணைப்புக்கும் தன்னையே ஃபோர்க் செய்துகொள்கிறது (நகலெடுத்துக்கொள்கிறது), புதிதாக எந்த நிரலையும் வட்டிலிருந்து எடுத்துத் தொடங்குவதில்லை. அதனால் நினைவகத்தில் ஏற்கெனவே இருந்த பழைய லிப்சியோடு அது நிம்மதியாக இருந்தது. உள்ளே சர்வர் செத்துக் கிடப்பது வெளியே யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம்தான் நான் பெரிய தவறைச் செய்தேன். புது டெர்மினலில் உள்ளே போனால் சரியாகும் என்று நினைத்து இருந்ததை மூடினேன். எஸ்எஸ்எச் உள்ளே விடவில்லை. சரி, ரீபூட் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கன்சோலில் போய்ப் பவரை அணைத்துப் போட்டேன். திரையில் கர்னல் பேனிக். கர்னல் முதலில் தொடங்கும் இனிட் நிரலுக்கும் அதே லிப்சிதானே வேண்டும்! கடைசியில் ஐஎஸ்ஓ-வை மாட்டி, ரெஸ்க்யூ நிலையில் ஏறி, அந்த ஒரே ஒரு சிம்லிங்கைத் திருப்பி வைத்தேன். விடிந்துவிட்டது.

மறுநாள் பார்த்தால், போஸ்ட்கிரெஸ் குழுவின் ரெப்போவிலேயே 12-க்கான இஎல்7 பேக்கேஜ் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

இந்த நிலைமைக்கு நீங்களும் வந்துவிட்டால், திறந்திருக்கும் ரூட் டெர்மினலைத் தொடாதீர்கள். டெர்மினலில் நம் கமாண்டுகளை வாங்கும் பாஷ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் சிடி, எக்கோ போன்ற அதன் சொந்தக் கமாண்டுகள் வேலை செய்யும். எக்கோவோடு நட்சத்திரக் குறி போட்டால் கோப்புகளின் பட்டியலும் கிடைக்கும். எஸ்பின் அடைவில் 'எஸ்எல்என்' என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. எந்த லைப்ரரியையும் நம்பாமல் ஓடும்படி, இந்த மாதிரி ஆபத்துக்காகவே கட்டியது. அதைக் கொண்டு சிம்லிங்கை 2.17-க்குத் திருப்பினால் உயிர் வந்துவிடும். தம்பியின் சர்வர் அப்படித்தான் இரண்டு நிமிடத்தில் எழுந்தது.

அவருக்கு வேண்டியிருந்தது 16. போஸ்ட்கிரெஸ் குழு இஎல்7-க்குப் பேக்கேஜ் கட்டியது 15 வரைதான். 16 கட்டாயம் வேண்டும் என்றால் இயங்குதளத்தை மாற்றுங்கள்.

நோடெப்ஸ், ஃபோர்ஸ்

தேவைகளைச் சரிபார்க்காமல் பேக்கேஜைத் திணிக்கும் இந்த ஆப்ஷன்கள் கூடாது. 15-ஐ நிறுவும்போது 'லிப்இசட்எஸ்டிடி இல்லை' என்று வந்தால் அது எபெல் என்ற கூடுதல் பேக்கேஜ் ரெப்போவில் இருந்தது. 7-க்கான எபெலும் 2024-இல் ஆர்கைவுக்குப் போய்விட்டது, அங்கிருந்து எடுங்கள்.

எந்த பிஜிடம்ப்?

9.2-ஐ நீக்காமலே 15-ஐப் போடலாம், இரண்டும் தனித்தனி அடைவில் உட்காரும். ஆனால் பேக்கப் எடுக்கும் பிஜிடம்ப் கமாண்டை வெறுமனே அடித்தால் ஓடுவது 9.2-ஆக இருக்கலாம். 15 சர்வரைப் பார்த்ததும் 'பதிப்பு பொருந்தவில்லை' என்று அது நின்றுவிடும். கைமுறையாக அடித்தால் எரர் கண்ணில் படும். இரவில் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக) ஓடுகிற பேக்கப் ஸ்கிரிப்ட் என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஸ்கிரிப்டில் எப்போதும் முழுப் பாதையை எழுதுங்கள். இரண்டுக்கும் இயல்பான போர்ட் 5432 என்பதால் ஒன்றை மாற்றவும் வேண்டும்.

பாஸ்வேர்டு சரி, ஆனாலும் உள்ளே விடாது

14-லிருந்து பாஸ்வேர்டுகள் இயல்பாகவே ஸ்க்ராம் என்ற புது முறையில் சேமிக்கப்படுகின்றன. பழைய பிஎச்பி, பைத்தான் டிரைவர்கள் பிடித்துத் தொங்கும் 9.2 லிப்பிகியூவுக்கு (போஸ்ட்கிரெஸோடு பேசும் லைப்ரரி) ஸ்க்ராம் தெரியாது. 10-லிருந்துதான் தெரியும். டிரைவரைப் புதுப்பிப்பதுதான் சரியான வழி. அவசரத்துக்குப் பழைய எம்டி5 முறைக்கு மாற்றுகிறீர்கள் என்றால், கான்ஃபிக்கில் மாற்றியதோடு நிறுத்தாமல் யார் எப்படி உள்ளே வரலாம் என்று சொல்லும் எச்பிஏ கோப்பையும் பார்த்து, பாஸ்வேர்டையும் மறுபடி வையுங்கள். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, 'மாற்றியும் வேலை செய்யவில்லை' என்று வருகிறார்கள்.

டாக்கரில் போட்டுவிடலாமே?

நிரலைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் போடலாம். பழைய டாக்கர் என்றால் அதுவும் காலை வாரும்.

டேட்டா அடைவை அப்படியே புது இயங்குதளத்துக்குத் தூக்கிப் போவது

ஒருவழியாக சென்ட்ஓஎஸ் 7-ஐ விட்டு வெளியேறுகிறீர்கள். 15-லிருந்து 15-க்குத்தானே என்று ஸ்ட்ரீமிங் ரெப்ளிகா (டேட்டா கோப்புகளின் அப்படியேயான நகல்) வைத்து ராக்கி 9 லினக்ஸுக்கு மாறினால், எல்லாம் ஓடும், எரரும் வராது. ஆனால் ஜிலிப்சி 2.28-இல் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி மாறியிருக்கிறது. பழைய சர்வரிலும் புதியதிலும் அமெரிக்க ஆங்கில லொகேலை (மொழி அமைப்பை) வைத்து 1-1, 11 இரண்டையும் சார்ட் கமாண்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். பழையதில் 11 முதலில் வரும், புதியதில் 1-1. டேபிளில் வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸ் பழைய வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும், தேடுவதோ புது வரிசையில். டேபிளில் இருக்கிற வாடிக்கையாளரை 'இல்லை' என்று சொல்லும். யூனிக் இண்டெக்ஸ் இருந்தும் ஒரே மின்னஞ்சல் இரண்டு முறை பதிவாகும். டம்ப் எடுத்து மறுபடி ஏற்றுங்கள், இல்லையென்றால் கோப்புகளை அல்லாமல் தரவை மட்டும் அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷனில் போங்கள். ஏற்கெனவே அடைவோடு மாறியவர்கள், டெக்ஸ்ட் காலம்களில் இருக்கும் இண்டெக்ஸ்களை இன்று இரவே ரீஇண்டெக்ஸ் செய்யுங்கள். யூனிக் இண்டெக்ஸ் ஒன்று 'டூப்ளிகேட்' என்று நின்றால், எந்த வரியை வைத்துக்கொள்வது என்று அப்ளிகேஷன் ஆட்களைத்தான் கேட்க வேண்டும்.